தராசுக்கும் தேர்வு உண்டு: சதுரங்கக் கணினியைச் சோதிக்கும் முறை



இவ்வாண்டு நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், நம் பள்ளிச் சதுரங்கக் கழகத்திற்குப் புதிய பலகைகள் வாங்குவது குறித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அப்பொழுது பின்வரிசையில் அமர்ந்திருந்த தந்தை ஒருவர் எழுந்தார். செம்பனைக் குலை அறுக்கும் வேலையை முடித்துவிட்டு, உடை மாற்றவும் நேரமின்றி வந்திருந்தவர் அவர்.

"ஐயா, தவறாக எண்ண வேண்டாம். கைப்பேசியில் இருக்கும் சதுரங்கம் உலக வீரர்களையே தோற்கடிக்கிறது என்கிறார்கள். எந்தக் காயை எங்கே வைப்பது என்று அதுவே சொல்லிவிடும்போது, பிள்ளைகள் எதற்காக மூளையைக் கசக்க வேண்டும்?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி. அன்று சுருக்கமாக ஏதோ விடை கூறி அமர்ந்தோமாயினும், அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே, இம்மலரின் வாயிலாக முழு விடையைக் கூற விழைகின்றோம். கணினி சொல்வது சரிதான் என்பதனை முதலில் யார் சோதித்தார்? எப்படிச் சோதித்தார்? இதனை அறிந்துகொண்டால், அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை தானே விளங்கும்.

எடைக்கல் எது?

நம் தாயார் பால்மரம் வெட்டியவர். வெட்டிய பாலை நிறுக்கும் இடத்தில், தராசின்மீது தொழிலாளர்களுக்கு ஐயம் எழுவது உண்டு. தராசு சரியா, தவறா என்று வாய்ச்சண்டை போட்டால் தீருமா? தீராது. எடை முன்பே தெரிந்த ஒரு கல்லைத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துக் கிலோக் கல்லுக்குத் தராசு பத்துக் கிலோ காட்டினால் அதனை நம்பலாம். ஒன்பது காட்டினால் நம்பலாகாது.

சதுரங்கக் கணினியைச் சோதிக்கவும் அத்தகைய எடைக்கல் வேண்டும். விடை முன்னரே ஐயமின்றித் தெரிந்த ஒரு நிலையை அதன்முன் வைத்து, "உன் விடை என்ன?" என்று கேட்க வேண்டும். ஆனால், சதுரங்கத்தில் பெரும்பாலான நிலைகளுக்கு ஐயமற்ற விடை கிடையாது. ஒரு வல்லுநர் குதிரையை நகர்த்துவது சிறப்பு என்பார். மற்றொருவர் மந்திரியை நகர்த்துவதே சிறப்பு என்பார். இது கருத்து, எடைக்கல் ஆகாது.

ஐயமே இல்லாத விடை ஒன்று உண்டு. அதுதான் தப்ப முடியாத இறுதி முற்றுகை. அரசனைத் தாக்குவதை 'செக்' என்றும், அரசன் தப்ப வழியின்றி ஆட்டம் முடிவதைச் 'செக்மேட்' என்றும் நம் பிள்ளைகள் கூறுவர். இவற்றை முறையே முற்றுகை என்றும் இறுதி முற்றுகை என்றும் வழங்குவோம். எதிரி எந்த விடை கொடுத்தாலும், இத்தனை நகர்த்தலுக்குள் அவர் அரசன் வீழ்ந்தே தீரும் என்று காட்டிவிட்டால், அங்கே கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு விடையை மெய்ப்பித்துக் காட்டுவது போன்றது அது.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்த வேண்டும். தாக்குபவருக்கு ஒரே ஒரு நல்ல வழி கிடைத்தால் போதும். ஆனால், எதிரியின் வழிகள் அத்தனையும் அடைபட வேண்டும். ஆட்டுப் பட்டியில் ஒன்பது இடைவெளிகளை அடைத்துவிட்டுப் பத்தாவதை மறந்தால், ஆடு அந்தப் பத்தாவது வழியாகத்தான் போகும்.

ஒரு நிலையைப் பலகையில் வைப்போம்

சொல்லால் மட்டும் விளக்கினால் போதாது. மாணவர்களே, பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல்வழிச் சதுரங்கம் ஆடுவோர், மொழி வேறுபாடு குறுக்கிடாதிருக்கும் பொருட்டுக் கட்டங்களை இரண்டு இலக்கங்களால் குறிப்பர். நாமும் அவ்வாறே குறிப்போம். வெள்ளைக்காரர் பக்கம் அமர்ந்து, இடமிருந்து வலமாக எண்ணுவது முதல் இலக்கம். கீழிருந்து மேலாக எண்ணுவது இரண்டாம் இலக்கம். ஆக, இடக்கைப் பக்கத்துக் கீழ் மூலை 11. வலக்கைப் பக்கத்து மேல் மூலை 88.

வெள்ளை: அரசன் 71, அரசி 34, குதிரை 86, காலாள்கள் 62, 72, 82.

கறுப்பு: அரசன் 88, அரசி 15, கோட்டை 48, காலாள்கள் 77, 87.

வெள்ளை ஆட வேண்டும். இரண்டு நகர்த்தலில் இறுதி முற்றுகை. சற்று எண்ணிப் பாருங்கள்.

விடை இதுதான்: வெள்ளை தன் அரசியை 78-இல் கொண்டுபோய் வைத்து முற்றுகையிடுகிறது! கறுப்பு அரசன் அந்த அரசியை வெட்ட முடியாது. ஏனெனில், 86-இல் உள்ள குதிரை அக்கட்டத்தைக் காக்கிறது. ஒதுங்கவும் இடமில்லை. ஆகவே, கறுப்புக் கோட்டைதான் 48-இலிருந்து வந்து அரசியை வெட்ட வேண்டும். வேறு வழியே இல்லை. அடுத்து, வெள்ளைக் குதிரை 67-இல் பாய்கிறது. கறுப்பு அரசனைச் சுற்றி நிற்பவை அதன் சொந்தக் கோட்டையும் சொந்தக் காலாள்களுமே. தன் காவலர்களாலேயே மூச்சு முட்டி அரசன் வீழ்கிறான். அரசியைப் பறிகொடுத்து ஆட்டத்தை வெல்லும் இவ்வுத்தி சதுரங்க உலகில் மிகப் பழமையானது.

கணினி எப்படிப் பார்க்கிறது?

ஒருவர் ஒருமுறை காயை நகர்த்துவதை ஓர் அடி என்று கொள்வோம். தொடக்க நிலையில் வெள்ளை ஆடக்கூடிய நகர்த்தல்கள் 20. கறுப்பின் விடையையும் சேர்த்து இரண்டு அடிக்கு 400 வழிகள். மூன்று அடிக்கு 8,902. நான்கு அடிக்கு 197,281. இவ்வெண்கள் மாறாதவை. ஆதலால், புதிதாகச் சதுரங்க நிரல் எழுதுவோர் முதற் சோதனையாக இவற்றையே வைக்கின்றனர். நிரல் எண்ணிச் சொல்லும் தொகை 197,281-க்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும், அது ஆட்ட விதிகளையே சரியாகக் கற்கவில்லை என்று பொருள்.

1950-ஆம் ஆண்டு, அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன், கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்வது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் உண்டு. ஆகவே வெள்ளைக்கு ஒன்றும் கறுப்புக்கு ஒன்றுமாகச் சுமார் 1,000 வழிகள் விரிகின்றன என்று அவர் கணக்கிட்டார். அடுத்த இணைக்குப் பத்து இலட்சம். அதற்கடுத்த இணைக்கு நூறு கோடி. இத்தனையையும் இறுதிவரை பார்த்து முடிக்க எந்தப் பொறியாலும் இயலாது. எனவே, கணினி ஓரிடத்தில் நின்று, கையிலுள்ள காய்களின் மதிப்பைக் கூட்டிப் பார்த்து, இது நல்லது, இது தீயது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இடர் அங்கேதான் பிறக்கிறது. நாம் வைத்த நிலையில், இரண்டு அடியோடு நின்றுவிடும் கணினி எதைக் காணும்? அரசி 78-க்குச் செல்கிறது, கோட்டை வெட்டுகிறது, ஒன்பது மதிப்புள்ள அரசி போயிற்று. "இது மூடத்தனமான நகர்த்தல்" என்று அது தள்ளிவிடும். இன்னும் ஓர் அடி பார்த்திருந்தால் வெற்றி! கடலில் அடிவானத்திற்கு அப்பாலுள்ள கப்பல் நம் கண்ணுக்குத் தெரியாதது போன்ற இக்குறையை, அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லினர் 1973-இல் 'அடிவான விளைவு' என்று பெயரிட்டு விளக்கினார்.

பதினைந்து நிமிடத்திலிருந்து இமைப்பொழுதுக்கு

இறுதி முற்றுகைப் புதிரைக் கணினிக்குக் கொடுக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1951 நவம்பரில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஃபெராண்டி மார்க் 1 என்னும் கணினிக்கு டீட்ரிச் பிரின்ஸ் என்பவர் ஒரு நிரல் எழுதினார். அதனால் முழு ஆட்டம் ஆட இயலாது. கோட்டை கட்டுதல், காலாள் உயர்வு ஆகியவற்றையும் அது அறியாது. இரண்டு நகர்த்தலில் முடியும் புதிரை மட்டும், எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக முயன்று அது விடுவித்தது. அதற்குச் சுமார் 15 நிமிடம் ஆயிற்று. இன்று கைப்பேசி அதே வேலையை இமைப்பொழுதில் முடிக்கிறது.

1977-இல் கனடாவின் டொரொன்டோ நகரில், கணினிகளுக்கிடையிலான இரண்டாவது உலகப் போட்டி நடந்தது. 1974-இல் முதற் பட்டத்தை வென்றிருந்த 'கைஸ்ஸா' என்னும் சோவியத் நிரலும், 'டச்சஸ்' என்னும் அமெரிக்க நிரலும் மோதின. 34-ஆம் நகர்த்தலில் டச்சஸ் அரசியால் முற்றுகையிட்டது. கைஸ்ஸா தன் அரசனை ஒதுக்கினால் போதும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அதுவோ, ஒரு கோட்டையைக் குறுக்கே வைத்து வீணே பலி கொடுத்தது! முன்னாள் உலக வீரர் போட்வின்னிக் உட்பட அங்கிருந்தோர், நிரலில் பிழை நேர்ந்துவிட்டது என்றே கருதினர். கைஸ்ஸா தோற்றது.

ஆட்டம் முடிந்தபின் அதே நிலையை மீண்டும் வைத்து, "அரசனை ஏன் ஒதுக்கவில்லை?" என்று சோதித்தனர். அப்பொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. அரசன் ஒதுங்கியிருந்தால், டச்சஸ் தன் அரசியையே பலி கொடுத்து, அடுத்து மந்திரியால் முற்றுகையிட்டு, தப்ப முடியாத இறுதி முற்றுகைக்குக் கொண்டுபோயிருக்கும். அத்தனை வல்லுநர் கண்ணுக்கும் தப்பியதைக் கைஸ்ஸா கண்டிருந்தது. விடையை மட்டும் பார்த்தவர்கள் "பிழை" என்றனர். காரணத்தைக் கேட்டபின் வியந்தனர். ஆசிரியராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு.

வினாத்தாள் எப்படி அமைய வேண்டும்?

கணினிக்கென்று வினாத்தாள்களும் உண்டு. ஃபிரெட் ரெய்ன்ஃபெல்ட் என்பார் மனிதர்களுக்காகத் தொகுத்த 300 நிலைகளை, நிரல் எழுதுவோர் நெடுங்காலமாகத் தம் பொறிகளுக்குத் தேர்வாக வைத்து வந்தனர். 1982-இல் பிராட்கோ, கோபெக் என்னும் இருவர் 24 நிலைகள் கொண்ட தேர்வை வெளியிட்டனர். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு நிமிடம். இத்தகைய தேர்வில் கவனிக்க வேண்டியவை சில உள.

முதலாவதாக, சரியான விடை ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டு விடை பொருந்துமாயின், எதனைக் கொண்டு மதிப்பெண் வழங்குவது?

இரண்டாவதாக, விடையோடு வழியையும் கேட்க வேண்டும். நிரல் சரியான நகர்த்தலைத் தற்செயலாகத் தேர்ந்திருக்கலாம். அது எண்ணிய தொடர் முழுவதையும், எத்தனை நகர்த்தலில் முடிவு என்பதனையும் பார்த்தால்தான் உண்மை புலனாகும். முதலில் எட்டு நகர்த்தல் என்று கூறிய நிரல், மேலும் ஆழ்ந்து தேடியபின் ஆறு என்று திருத்திக்கொள்வதும் உண்டு. ஆகவே, கண்ட முடிவு உண்மையாயினும், அதுவே மிகக் குறுகிய வழி என்று உடனே கொள்ளலாகாது.

மூன்றாவதாக, வினாக்கள் பலவகையாக இருத்தல் வேண்டும். முற்றுகைகளையும் வெட்டுகளையும் மட்டும் கூர்ந்து தேடும் நிரல், வெட்டாமல், தாக்காமல், அமைதியாக வைக்கும் ஒரு நகர்த்தலைக் காணத் தவறக்கூடும். காலாள் எட்டாம் வரிசையை அடைந்தால் எப்போதும் அரசியாகவே உயரும் என்று கொள்ளும் நிரல், குதிரையாக உயர்ந்தால்தான் வெற்றி என்னும் நிலையில் ஏமாறும். வேறு சில நிலைகளில், எந்தக் காயை நகர்த்தினாலும் தீங்கு. சும்மா இருந்தால் தப்பலாம். ஆனால் விதி சும்மா இருக்க விடாது. நேரத்தை மிச்சப்படுத்த, நகர்த்துவது எப்போதும் நன்மை என்று எண்ணி வழிகளை வெட்டித் தள்ளும் நிரல்கள் அங்கே இடறுகின்றன.

நான்காவது மிக முக்கியமானது. பொய்யான வாய்ப்புள்ள நிலைகளையும் வைக்க வேண்டும். எல்லா வினாவிலும் அரசியைப் பலி கொடுப்பதே விடையாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பலி கொடுக்கும் மூட நிரலும் நூறு மதிப்பெண் பெற்றுவிடும் அன்றோ?

நாம் இழைத்த பிழை

இவ்விடத்தில் நம் குறை ஒன்றனை ஒளிக்காமல் எழுதுகின்றோம்.

சதுரங்கக் கழகத்திற்கு நாம் ஒரு பயிற்றி தயாரித்தோம். மேலே கண்ட அதே நிலையை நினைவிலிருந்து வரைந்து, "வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் இறுதி முற்றுகை செய்க" என்று எழுதினோம். பதினொரு பிள்ளைகள் நாம் எதிர்பார்த்த விடையை எழுதினர். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும், "முடியாது ஐயா. அரசி வெட்டிவிடும்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் கோடிட்டுச் சுழியம் போட்டோம். அவள் நம்மிடம் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்தது. "பிறகு பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம்.

சில நாள் கழித்து, இக்கட்டுரைக்காகக் கைப்பேசி நிரலைச் சோதிக்க எண்ணி, அதே பயிற்றியின் நிலையை அதில் வைத்தோம். இரண்டு நகர்த்தலில் முடிவு இல்லை என்றது அது. நிரலில்தான் கோளாறு என்று முதலில் எண்ணினோம். மறுபடியும் வைத்தோம். மீண்டும் அதே விடை. பிறகுதான் படத்தை உற்று நோக்கினோம். கறுப்பு அரசியை 15-இல் வைப்பதற்கு மாறாக, இரண்டு கட்டம் மேலே 17-இல் வரைந்திருந்தோம்!

மாணவர்களே, உங்கள் பலகையிலும் அரசியை 17-க்கு மாற்றிப் பாருங்கள். வெள்ளை அரசி 78-இல் முற்றுகை; கோட்டை வெட்டுகிறது; குதிரை 67-இல் பாய்கிறது. இப்பொழுது ஏழாம் வரிசையில் இடையே எந்தக் காயும் இல்லாததால், கறுப்பு அரசி நேரே வந்து குதிரையை வெட்டிவிடுகிறது! வெள்ளைக்கு அரசியும் போயிற்று, குதிரையும் போயிற்று. பட்டியில் பத்தாவது இடைவெளியை நாம் அடைக்க மறந்தோம், அச்சிறுமி கண்டுகொண்டாள்.

எடைக்கல் என்று நாம் வைத்ததே குறைக்கல்லாக இருந்தது. தராசு அதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால், தராசு காட்டுவதற்கு முன்பே, கைப்பேசி எதுவுமின்றித் தன் கண்ணாலும் கருத்தாலும் அக்குறையை உணர்ந்தவள் அந்தப் பிள்ளை. மறுநாள் காலைக் கூடலில், எல்லா மாணவர் முன்னிலையிலும் பிழையை ஒப்புக்கொண்டு, அவளுக்குரிய மதிப்பெண்ணைத் திருப்பி அளித்தோம். நாம் வைத்த அந்தப் பிழையான நிலையை இப்பொழுது பயிற்றியிலிருந்து நீக்கவில்லை. பொய்யான வாய்ப்புக்கு எடுத்துக்காட்டாக, சரியான நிலைக்கு அடுத்த வினாவாக வைத்திருக்கின்றோம்.

தந்தைக்கு விடை

கணினி வலியது என்பதனை மறுப்பார் இல்லை. 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில், அன்றைய உலக வீரர் கிராம்னிக், 'டீப் ஃபிரிட்ஸ்' என்னும் நிரலுக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் வரவிருந்த இறுதி முற்றுகையைக் காணாது தோற்றார். அத்தகைய பிழையைப் பொறி செய்யாது. ஆனால், பொறியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் போட்டியில் அமர முடியாது. 2024 டிசம்பர் 12-ஆம் நாள், நம் அண்டை நாடான சிங்கப்பூரில், உலகப் பட்டத்திற்கான 14-ஆவது ஆட்டம் நடந்தது. 55-ஆம் நகர்த்தலில் சீனாவின் டிங் லிரன் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நிரல்கள் உடனே அதனைக் காட்டின. உள்ளே அமர்ந்திருந்த சென்னை இளைஞர் குகேஷுக்குக் காட்ட எவருமில்லை. தாமே கண்டார், வென்றார், 18 வயதில் உலக வீரரானார்.

எனவே, கூட்டத்தில் வினவிய அன்பரே, நம் விடை இதுதான். பொறி விடை சொல்லும். ஆனால் அதனிடம் சரியான வினாவை வைப்பதும், அது சொன்ன விடையின் காரணத்தை ஆராய்வதும், வினாவிலேயே பிழை இருப்பின் "முடியாது ஐயா" என்று துணிந்து கூறுவதும் மனிதரின் கடமை. அத்துணிவு மூளையைக் கசக்கிப் பழகியவர்க்கே வரும். தலைமையாசிரியரே சொன்னாலும், கைப்பேசியே சொன்னாலும், "எதிரி இப்படி ஆடினால்?" என்று ஒருமுறை கேட்கும் பிள்ளையை, நாளை நிறுவையிலும் சம்பளச் சீட்டிலும் கையெழுத்திடும் தாளிலும் எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

மாணவர்களே, இனிப் புதிர் ஒன்றைக் கண்டால், முதலில் கைப்பேசியை ஒதுக்கி வையுங்கள். உங்கள் விடையையும், எதிரியின் ஒவ்வொரு வழிக்கும் உங்கள் மறுமொழியையும் தாளில் எழுதுங்கள். அதன்பின் நிரலைத் திறந்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் மனம் தளராமல், இருவரில் யார் எதைக் காணவில்லை என்று தேடுங்கள்.

இறுதியாக ஒரு சொல். கூட்டத்தில் எழுந்து வினவிய அந்தத் தந்தையும், பயிற்றியில் நம் பிழையைக் கண்ட மாணவியும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். கேள்வி கேட்கும் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்பொழுது நமக்கு விளங்குகிறது. ஐயா, புதிய பலகைகள் வந்துவிட்டன. மாலையில் ஒருநாள் வாருங்கள். உங்கள் மகளோடு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!